மூன்று மணி வீடு

துன்பம் வந்தால் விசுவாசம் பலப்படும் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்கிறவர்கள் பெரும்பாலும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் அப்பாவுக்கு அப்படிக் கால் மேல் கால் போட வழியில்லாமல் போன வருடத்தில் அந்த வாக்கியத்தை நான் கேட்டதற்குக் கணக்கே இல்லை. வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு, அம்மா போட்டுக்கொடுத்த சாயாவைக் குடித்து, ஆளுக்கொரு ஏத்தன் வாழைப்பழத்தையும் தின்றுவிட்டுப் போனார்கள். எங்கள் விசுவாசம் பலப்பட்டதோ இல்லையோ, பழக்குலை மெலிந்துகொண்டே வந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டினார். அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. டாக்டர் சொன்ன அந்தச் செய்தியை அவர் யாரோ கிளப்பிவிட்ட வதந்தியாகத்தான் பாவித்தார். அந்த வருடம் அறுப்பின் பண்டிகைக்கு, சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த வாழைக்குலைகளையெல்லாம் வேனிலிருந்து இறக்கிச் சர்ச்சுக்குள் சுமந்துவைத்தது அப்பாதான். சர்ச்சுக்குள் செருப்புப் போடக் கூடாது என்று செருப்பை வாசலில் கழற்றியவர், முற்றத்தில் கிடந்த உடைந்த ஓட்டுத்துண்டை மிதித்தார். மிதித்ததை யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து, வேனில் வந்த பிள்ளைகள் ஏதோ நாற்றம் அடிக்கிறது என்று மூக்கைப் பொத்திய பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்தது.

அம்மாவுக்கு அப்பாவின் மேல் வந்த கோபம் சாதாரணமானதல்ல. ஆனால் காய்ச்சலில் கிடக்கிறவரை எவ்வளவுதான் ஏச முடியும். ஆகவே அந்தக் கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு திசைக்குத் திரும்பியது. கர்த்தருக்குக் குலை சுமக்கப்போன கால்தானே, அதை அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாமா என்று முதலில் மெதுவாகவும், பிறகு வருகிறவர்கள் காதில் விழும்படியாகவும் கேட்க ஆரம்பித்தாள்.

திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விரல்களோடு நிற்கலாம், இல்லையென்றால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும், திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஆபரேஷன் என்று முடிவாயிற்று. அம்மா ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். என்னைச் செங்கலில் இருந்த பெரியம்மா வீட்டில் விட்டார்கள்.

பெரியம்மா என்பது அம்மாவின் அக்காள். சபையில் மாதர் ஐக்கியத்துக்கு அவள்தான் தலைவி. எதையும் ஒழுங்குபடுத்தாமல் அவளால் சும்மா இருக்க முடியாது. அப்பாவின் காலை ஒழுங்குபடுத்த அவள் கையில் எடுத்தது சங்கிலி ஜெபம். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை பன்னிரண்டு மணி நேரம். ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரம். தன் நேரம் முடிந்ததும் அந்த வீட்டார் அடுத்த வீட்டுக்குப் போன் செய்வார்கள். அங்கே எடுத்து, "தொடங்கியாச்சு" என்று சொன்ன பிறகுதான் இவர்கள் முழங்காலை விட்டு எழுந்திருக்கலாம். அடுத்த வீடு சொல்லாமல் எழுந்தால் சங்கிலி அறுந்துவிடும். இது பெரியம்மா போட்ட சட்டம். சட்டத்தில் விதிவிலக்கு எதுவும் கிடையாது.

நோட்டுத்தாளில் கோடு போட்டு வீடுகளின் பட்டியல் எழுதினாள். ஒன்றிலிருந்து இரண்டு வரை அவளுடைய நேரம். மூன்றிலிருந்து நாலு வரை, ஆபரேஷனுக்கு முந்தின முக்கியமான மணி நேரத்தை, எங்கள் ஞாயிறு பள்ளி சாருக்குக் கொடுத்திருந்தாள். கடைசி மணி நேரம் எல்லோரும் சர்ச்சிலேயே கூடுவதாக ஏற்பாடு. நடுவில் இரண்டிலிருந்து மூன்று வரை எங்கள் வீட்டின் பெயர் இருந்தது. எங்கள் வீட்டில்தான் யாருமில்லையே என்று கேட்டேன்.

"நீ ஆளில்லையா மக்கா?" என்றாள் பெரியம்மா. "உனக்க அப்பாக்க காலாக்கும்."

போனில் அம்மாவுக்கும் பட்டியல் முழுவதையும் வாசித்துக் காட்டினாள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிள்ளைக்குச் சோறு கொடுத்துவிட்டு முழங்காலில் முட்டுகுத்தச் சொல் என்று மட்டும் சொன்னாளாம்.

வெள்ளிக்கிழமை மதியம் பெரியம்மா தன் மணி நேரத்தை முடித்து எழுந்தாள். என் கையில் போனைக் கொடுத்தாள். தான் சர்ச்சில் பாய் விரித்துவைக்கப் போவதாகவும், நான் இரண்டு காரியங்களை மட்டும் கவனித்தால் போதும் என்றும் சொன்னாள். ஒன்று, சங்கிலி அறுபடக் கூடாது. இரண்டு, அவித்து முற்றத்தில் பாயில் உலரப் போட்டிருக்கிற மரச்சீனிக் கிழங்கு நனையக் கூடாது. இதைச் சொல்லும்போது அவள் வானத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்தாள். பார்த்தவள் கிழங்கை அப்போதே வாரி வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

நான் முட்டுகுத்தி, கண்ணை மூடி, எனக்குத் தெரிந்த வேதாகமத் தமிழையெல்லாம் கூட்டி ஜெபித்தேன். அப்பாவின் பெயர், ஊர், ஆஸ்பத்திரி, வார்டு எல்லாம் சொன்னேன். எந்தக் கால் என்பதில் சந்தேகம் வந்தது. நான் பார்த்தபோது அப்பா எனக்கு எதிரே படுத்திருந்தார். எனக்கு இடது என்றால் அவருக்கு வலதா, அவருக்கு இடதா என்று குழம்பி, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கால்களையும் சொல்லிவைத்தேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தால் நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது.

ஒரு மணி நேரம் கடவுளிடம் பேசுகிற பெரியவர்கள் அப்படி என்னதான் பேசுகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. தெரிந்த பாட்டுகளைப் பாடினேன். மனப்பாட வசனங்களை ஒப்பித்தேன். அதுவும் தீர்ந்ததும், அப்பாவின் வேனில் வரும் பிள்ளைகளின் பெயர்களை உட்காரும் வரிசைப்படி ஒவ்வொன்றாகச் சொன்னேன். பின்சீட்டில் என்னோடு சண்டை போடுகிறவளின் பெயரை முதலில் விட்டுவிட்டு, பிறகு பயந்துபோய்ச் சேர்த்துக்கொண்டேன். முழங்கால் இரண்டும் மரத்துப்போயின. எப்படியோ மூன்று மணி ஆயிற்று.

சாருக்குப் போன் செய்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. ஞாயிறு பள்ளிக்கு ஒரு நிமிடம் பிந்தினாலே எங்களை வாசலில் நிறுத்திவைக்கிற சார் அவர். முட்டுகுத்தியபடியே பதினோரு தடவை அடித்தேன். அவர் எடுக்கும்வரை நான் எழுந்திருக்கக் கூடாது. வாழ்நாள் முழுவதும் இப்படியே இருந்துவிடுவேனோ என்று அழுகை வந்தது. மணி மூன்று இருபது.

அப்போது மழை வந்தது.

பெரியம்மாவின் கட்டளைகள் இரண்டில் எது பெரியது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கர்த்தர் எங்கும் இருக்கிறார், மரச்சீனி முற்றத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. எழுந்து ஓடினேன். பாயின் நான்கு மூலைகளையும் பிடித்து இழுத்து, சிதறியதைப் பொறுக்கி, கிழங்கையெல்லாம் உள்ளே கொண்டுவந்து சேர்த்தேன். பிறகு பாவாடையைப் பிழிந்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டு இரண்டு துண்டு கிழங்கு தின்றேன். திரும்ப முட்டுகுத்தவில்லை. அதுதான் உண்மை.

நாலரைக்குப் பெரியம்மா வந்தாள். நனையாத கிழங்கைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது. சார் எடுத்தாரா என்று கேட்டாள். எடுத்தார் என்றேன். இவ்வளவு சுலபமாக ஒரு பொய் வாயிலிருந்து வரும் என்று எனக்கே தெரியாது.

ஆறு மணிக்குச் சர்ச்சில் கடைசி ஆமென் சொல்லி முடிக்கவும் அம்மாவின் போன் வரவும் சரியாக இருந்தது. பெரியம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தாச்சாம் என்று எல்லோருக்கும் சொன்னாள். பிறகு போதகர், பன்னிரண்டு மணி நேரமும் சங்கிலி அறுபடாமல் ஜெபித்திருக்கிறோம், அதற்குப் பிறகும் இப்படி நடந்தால் இது அவருடைய சித்தம்தான், இந்தக் குடும்பத்தின் விசுவாசத்தைப் புடமிடுகிறார் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பாயில் உட்கார்ந்திருந்த நானும் அந்த இரண்டு துண்டுக் கிழங்கை நினைத்துக்கொண்டே தலையாட்டினேன். சித்தமும் இல்லை, புடமும் இல்லை. சங்கிலி அறுந்தது. அறுத்தது நான். பழி கடவுள் மேல் போகிறது.

அப்பா ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தார். அவர் என்னவோ முன்பு போலவே இருந்தார். இனி ஒற்றைச் செருப்பு வாங்கினால் போதும் என்று அவரே சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அம்மா சர்ச்சுக்கும் போகவில்லை. ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு, நாலு ஞாயிறு. சாப்பாட்டுக்கு முந்தின ஜெபத்தைக்கூட அப்பாதான் சொன்னார். அம்மா அந்த நேரத்தில் குழம்புச்சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் இதெல்லாம் சின்ன விஷயமல்ல. பக்கத்து வீட்டு அக்கா, அவர்கள் அம்பலத்துக்குச் சாமி கும்பிடப் போகிறவர்கள், அவளே ஒருநாள் வந்து, உங்கள் அம்மா ஏன் சர்ச்சுக்குப் போவதில்லை என்று என்னிடம் கேட்டாள்.

அம்மா கடவுளோடு பேச்சை நிறுத்திவிட்டாள், அதுவும் அவர் செய்யாத குற்றத்துக்காக. இதை நினைக்க நினைக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சொல்லிவிட்டால் அம்மாவின் கோபம் கடவுளை விட்டு என் மேல் திரும்பும். சொல்லாவிட்டால் அம்மா நரகத்துக்குப் போவாள். பத்து வயதில் தலைக்கு மேல் இது ஒரு பெரிய சுமை.

பெரியம்மா விடுவாளா. ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டிலேயே ஸ்தோத்திரக் கூட்டம் வைத்துவிட்டாள். எதற்கு ஸ்தோத்திரம் என்று அம்மா கேட்டதற்கு, உயிர் இருக்கிறதே என்றாள். முன்னறை நிறைய ஆட்கள். அப்பா நாற்காலியில், வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவராகச் சாட்சி சொன்னார்கள். சார் எழுந்தார். அன்றைக்குச் சரியாக மூன்று மணிக்குத் தமக்குப் போன் வந்ததாகவும், உடனே முழங்காலில் நின்றதாகவும், அந்த ஒரு மணி நேரமும் ஒரு பெரிய சமாதானம் தம்மை மூடியிருந்ததாகவும் சொன்னார்.

நான் அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். மதியச் சோற்றுக்குப் பிறகு அவரை மூடியிருந்த சமாதானம் எது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். எழுந்ததும் என்னுடைய பதினோரு அழைப்புகளைப் பார்த்திருப்பார். பார்த்துவிட்டு, நாலு மணி வீட்டுக்குச் சரியாகப் போன் செய்திருப்பார். சட்டென்று கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு ஞாயிறு பள்ளியில் நான் எவ்வளவு தப்பாக வசனம் சொன்னாலும் அவர் திருத்தியதில்லை.

சாருக்குப் பிறகு போதகர் அம்மாவைப் பார்த்தார். இந்தத் துன்பத்தால் அவளுடைய விசுவாசம் எப்படிப் பலப்பட்டது என்று இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார். அம்மா சாயாத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்க வீட்டுக்காரருக்குக் காலு போச்சு," என்றாள். "அதுல எனக்க விசுவாசம் கூடிச்சா குறஞ்சுதான்னு நான் இன்னும் நோக்கல்லை. நோக்க நேரம் கிடைக்கல்லை. சாயா ஆறுது, குடியுங்க."

தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். பெரியம்மா அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினாள்.

நான் அம்மாவின் பின்னாலேயே போனேன். முன்னறையில் பாட்டுச் சத்தம் ஓங்கிக் கேட்டதால் கொஞ்சம் துணிச்சல் வந்தது. மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு அழைப்பு, மழை, மரச்சீனி, பொய், சார் சொன்ன பொய், எல்லாம். கர்த்தர் மேல் தப்பில்லை, நான் எழுந்ததால்தான் கால் போயிற்று என்று சொல்லும்போது விம்மி விம்மி அழுதேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"சார் போனே எடுக்கல்லையா?" என்று அம்மா கேட்டாள். பிறகு சிரித்தாள். அந்த ஒரு மாதத்தில் அம்மா சிரித்தது அதுதான் முதல் தடவை. சேலைத் தலைப்பால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற குரலிலேயே சொன்னாள்.

"மக்கா, அப்பாக்க காலை அண்ணைக்குக் காலத்த பதினோரு மணிக்கே எடுத்தாச்சு. ராத்திரி காய்ச்சல் கூடிச்சு. நாலு மணி வரை வைக்க ஒக்காதுன்னு டாக்டர் பத்து மணிக்கே உள்ள கொண்டுபோயிட்டாரு."

அப்படியென்றால் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லதுக்குத்தான் போனை எடுத்தேன். வீடு வீடா ஆளு மாறி ஆளு முட்டுகுத்தி நிக்குது. எழும்புங்க, காரியம் முடிஞ்சுன்னு நான் எப்பிடிச் சொல்லதுக்கு? செரி, ஆறு மணி ஆவட்டுன்னு விட்டேன். ரெண்டு மணி ஆச்சு. இப்போ எனக்க பிள்ளை ஒத்தைக்கு முட்டுகுத்தும்னு நெனச்சேன். நானும் வராந்தால முட்டுகுத்தினேன். ஒரு நர்சு ஓடி வந்து, 'எந்து போயி சேச்சீ'ன்னு கேட்டா. நான் தரையில என்னத்தையோ தேடுதேன்னு நெனச்சுட்டா. காலு போச்சுன்னு சொன்னேன்."

கால் போன பிறகு ஜெபத்தில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன்.

"ஒண்ணும் கேக்கல்லை. ஏசினேன்," என்றாள் அம்மா. "வாயில வந்ததெல்லாம் ஏசினேன். அப்பிடி நின்னு ஏசதுக்கு எனக்கு வேற ஆரு உண்டு?"

கழுவிய தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"மூணு மணிக்கு எழும்பலாம்னு பாத்தேன். நீ எழும்பினியோ இல்லையோன்னு எனக்கு ஆரு சொல்லுவா? அடுத்த வீடு சொல்லாம எழும்பக்கூடாதுன்னு உனக்க பெரியம்மா சட்டம் வச்சிருக்காளே. நாலரைக்கு அப்பா கூப்பிடுதாருன்னு நர்சு வந்து சொல்லது வரை ஏசிட்டே நின்னேன்."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதன் பின்னாலேயே எரிச்சலும் வந்தது. பதினோரு மணிக்கே இல்லாமல் போன காலுக்காக இரண்டு மணிக்கு என் முழங்கால்களைத் தேய்த்திருக்கிறேன். ஒரு மாதமாக ராத்திரி தூங்காமல் சுமந்த பாவம் கணக்கிலேயே வரவில்லை. இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா இந்த அம்மா. மிச்சமிருந்த ஏத்தன் பழத்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு, எடுத்துத் தின்றுகொண்டே வெளியே விளையாடப் போய்விட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் சாரின் மனைவிக்கு ஏதோ பெரிய ஆபரேஷன். பெரியம்மா மறுபடியும் நோட்டுத்தாளில் கோடு போட்டாள். அம்மா அதற்குள் சர்ச்சுக்குப் போக ஆரம்பித்திருந்தாள், ஆனால் சாட்சி மட்டும் சொல்வதில்லை. எங்கள் வீட்டுக்கு எந்த நேரம் என்று பெரியம்மா கேட்டபோது, மூணு மணி என்றாள் அம்மா. அது தூக்கம் வரும் நேரம், வேறு நேரம் தரட்டுமா என்றாள் பெரியம்மா. அதனால்தான் கேட்கிறேன் என்றாள் அம்மா.

அன்றைக்கு மூன்று மணிக்கு அம்மா உள்ளறைக்குப் போனாள். நான் முற்றத்தில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாகச் சத்தம் கேட்டது. முன்பெல்லாம் அம்மா ஜெபித்தால் போதகரே ஜெபிப்பது போல இருக்கும். கிருபையும் மகிமையும் வரிசை பிசகாமல் வரும். இப்போது வந்தது, மீன் வாங்க மறந்துபோய் வெறுங்கையோடு வரும் அப்பாவை அவள் கேள்வி கேட்கும் குரல்.

"உமக்குக் காது கேக்குதா இல்லையா? எனக்க வீட்டுல எடுத்தது போதும். அந்தப் பொம்பளைக்கு ரெண்டு சின்னப் பிள்ளைகளாக்கும். சும்மா பாத்துட்டு இருந்தீருன்னா நான் இஞ்ச விட்டு எழும்பமாட்டேன். சொல்லிட்டேன்."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. போன வருடம் அந்த வெள்ளிக்கிழமை, நான் வாசலில் கிழங்கு தின்றுகொண்டும் சார் தூங்கிக்கொண்டும் இருந்த நேரத்தில் சங்கிலியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது யார் என்று கூட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் எடுத்த காலோடு அம்மாவின் விசுவாசத்தையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள், ஒரு ஜெபம்கூட அவளுக்கு ஒழுங்காகச் சொல்ல வரவில்லை என்றுதான் நினைத்தேன். தெருவில் யார் காதிலாவது விழுந்துவிடப் போகிறதே என்று ஓடிப்போய், வெளியே நின்றபடி எட்டி அந்த ஜன்னலைச் சாத்தினேன்.